புதுப்பிப்பு: தம்பியை இல்லத்தில் சேர்த்தது பற்றி

அம்மாவுக்கு முடியாமல் போனதால், அறிவுசார் குறைபாடுள்ள தம்பியைப் பராமரிப்பு இல்லத்தில் விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

ராமநாதபுரத்திலேயே சேர்த்துவிட்டோம். மண்டபத்திலிருந்து பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிடலாம். எனக்கு அதுதான் பெரிய விஷயம். முதலில் சாப்பிடவே மாட்டேன் என்றான். முள் எடுத்த மீனைச் சோற்றில் பிசையாமல் தட்டின் ஓரத்தில் தனியாக வைத்தால்தான் தொடுவான் என்று அங்கிருக்கும் அக்காவிடம் சொன்னேன். அப்புறம் பிரச்சினையில்லை. இப்போது துவைத்த துணி மடிப்பது அவன் வேலை. வேறு யாராவது கை வைத்தால் கோபம் வருகிறது!

பலர் கேட்ட பாதுகாவலர் விஷயம்: இவனைப் போன்றவர்களுக்கு 18 வயது தாண்டிவிட்டால், சட்டப்படி பாதுகாவலராக இருக்க பெற்றோரே ஆனாலும் 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அம்மா அப்பா நடமாடும்போதே செய்துவிடுங்கள். நாங்கள் விண்ணப்பம் கொடுத்தாயிற்று. அடுத்து, அதே தேசிய அறக்கட்டளையின் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும்.