மூன்றடி உப்புத்தண்ணித் தொட்டி, புதிதாக விடுகிற மீன் எதுவும் நிற்குதில்லை. எந்த மீன் எடுக்கலாம்?

புதுக்குடியிருப்புப் பெடியன்:
வணக்கம். என்னுடைய தொட்டி மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். ஒரு வருசத்துக்கு மேலாக ஓடுகிறது. உள்ளே இரண்டு கோமாளி மீனும் ஒரு நீல டாம்சலும் நல்ல சுகமாக நிற்கின்றன. ஆனால் புதிதாக எதை விட்டாலும் போய்விடுகிறது. கடைசியாகக் கொழும்பில் ஒரு கடையில் ஒரு ஃபயர்பிஷும் ஒரு கார்டினலும் எடுத்தேன், இரவு பஸ்ஸில் வந்தன. பையை மிதக்கவிட்டு, பிறகு சின்ன ரியூப்பால் தொட்டித் தண்ணியைத் துளித்துளியாக இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் பைக்குள் விட்டுத்தான் இறக்கினேன். கார்டினல் மேலே நின்று மூச்சு வாங்கி, அடுத்த நாள் விடியச் செத்துக் கிடந்தது. ஃபயர்பிஷ் பம்புக்குப் பின்னால் ஒளிந்தே நின்றது, வால் கிழிந்துபோய், கடைசியில் வெளியே பாய்ந்து நிலத்தில் காய்ந்து கிடந்தது. அமோனியா 0, நைட்ரைற் 0, உப்பு (தண்ணியின் ஒப்படர்த்தி) 1.025. பின்னேரத்தில் தண்ணி 30 பாகை வரும். இப்போது அதே கடையில் நீல ராங்க், மாண்டரின் என்ற இரண்டு மீனும் வந்திருக்காம். தங்கச்சி நீல ராங்க்தான் வேணும் என்று நிற்கிறாள். எடுக்கலாமா?

வவுனியாக் குளத்தடி:
தம்பி, முதலில் கடைக்கு ஒரு கோல் எடுத்து அவர்களுடைய உப்பு எவ்வளவு என்று கேளுங்கோ. கன கடைகள் நோய் குறையட்டும் என்று 1.018, 1.020 இல்தான் மீனை வைத்திருக்கும். அங்கிருந்து இரண்டு மணித்தியாலத்தில் 1.025க்கு ஏற்றினால் மீன் தாங்காது. குறைந்த உப்புக்கு இறக்கினால் சமாளிக்கும், ஏற்றுவதுதான் ஆபத்து.

மற்றது அந்தத் துளித்துளி வேலை. பக்கத்துக் கடையில் வாங்கின மீனுக்கு அது சரி, இரவு முழுக்க பஸ்ஸில் வந்த பைக்குச் சரிவராது. பூட்டிய பைக்குள் மீன் விடுகிற காபனீரொட்சைட்டால் தண்ணியின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கியிருக்கும், அப்போது சேர்ந்த அமோனியா அவ்வளவு நஞ்சில்லை. நீங்கள் பையைத் திறந்து காற்றுப் பட்டு, தொட்டித் தண்ணியும் சேரச்சேர பிஎச் ஏறும். அதே அமோனியா நஞ்சாக மாறும், மீன் அதற்குள்ளேயே நிற்கிறது. கார்டினல் மூச்சு வாங்கினதுக்கு நான் இதைத்தான் சொல்லுவேன்.

ஆகவே ஒரு பெரிய வாளியிலோ சின்னத் தொட்டியிலோ கடை உப்புக்குச் சமமாகத் தண்ணி தயாராக இருக்கட்டும். பையை மிதக்கவிட்டுச் சூடு சமமானதும் வெட்டி, மீனை மட்டும் எடுத்து அதற்குள் விடுங்கோ, பைத் தண்ணி வேண்டாம். பிறகு நாளுக்கு 0.001, 0.002 என்று உப்பை ஏற்றலாம். மூன்று நாலு கிழமை அங்கேயே நின்று, உடம்பில் வெள்ளைப்புள்ளி ஒன்றும் வராவிட்டால்தான் பெரிய தொட்டி.

முல்லைக் கரை:
மேலே அண்ணை சொன்னது சரி, ஆனால் ஃபயர்பிஷைக் கொன்றது டாம்சல்தான். வால் கிழிந்து பம்புக்குப் பின்னால் ஒளிந்தது என்றால் வேறென்ன? அந்த நீலக் குஞ்சு பார்க்க அப்பாவி, முழுத் தொட்டியும் தன்ர காணி என்று நினைக்கும். அது நிற்கும்வரை புது மீன் வாங்குவது காசைக் கடலில் போடுகிற வேலை.

நீல ராங்க் வேண்டவே வேண்டாம். கடையில் இரண்டு விரல் அளவில் இருக்கும், வளர்ந்தால் ஓரடி. ஓடித் திரிகிற மீன், ஆறடித் தொட்டியே அதற்குக் காணாது என்பார்கள். மாண்டரின் இன்னும் பாவம். கல்லில் ஊர்கிற கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகளைத்தான் நாள் முழுக்கப் பொறுக்கித் தின்னும், உங்கள் அளவுத் தொட்டியில் அவை முடிந்ததும் மெல்ல மெல்லப் பட்டினி கிடந்து சாகும்.

புதுக்குடியிருப்புப் பெடியன்:
கடைக்குக் கதைத்தேன், 1.019 ஆம். இப்ப விளங்குது. அப்போ தங்கச்சிக்கு என்ன சொல்ல? இங்கே ஒரு மாமா, கரைவலையில் வருகிற ஓரா மீன் குஞ்சு தாறன், பாசி தின்னும், காசும் இல்லை என்கிறார். கல்லும் கொண்டுவந்து தருவாராம்.

முல்லைக் கரை:
ஓரா பாசி தின்னும்தான், வளரவும் வளரும். தொட்டிக்குள் கை விடும்போது அதன் நஞ்சு முள்ளுக் குத்தினால் என்னவாகும் என்று மாமாவையே கேளுங்கோ, தாங்கக்கூடிய சுடுதண்ணிக்குள் கையை வைத்துக்கொண்டு இருக்க வேண்டிவரும். முருகைக்கல் எடுப்பது சட்டப்படி குற்றம், அந்தப் பக்கமே போகாதேங்கோ. மாமாவிடம் கடல்தண்ணி மட்டும் கேட்கலாம். அதுவும் மாரியில் வட்டுவாகல் பக்கம் வெள்ளம் கடலுக்குப் பாய்கிற நேரம் வேண்டாம், உப்பும் குறைவு, கலங்கலும்.

வவுனியாக் குளத்தடி:
தங்கச்சிக்கு ஒரு மஞ்சள் வாட்ச்மன் கோபி எடுத்துக் கொடுங்கோ. மணலில் வளை தோண்டி, வாசலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டு இருக்கும். பிஸ்டல் இறாலும் கிடைத்தால் இரண்டும் ஒரே வளையில் குடியிருக்கும், கண் சரியாகத் தெரியாத இறால் மண் அள்ளும், மீன் காவல் நிற்கும். ராங்கைவிட அதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். அது பழகின பிறகு ஒரு கார்டினல், அவ்வளவு காணும். கடைக்காரரிடம் தீன் போட்டு வீடியோ அனுப்பச் சொல்லுங்கோ, தின்னாத மீனை வாங்காதேங்கோ.

கண்ணாடி மூடி இருந்தால் கழற்றிவிட்டு நுளம்பு வலையை இறுக்கிக் கட்டுங்கோ. பாயவும் மாட்டாது, மேலே ஒரு சின்ன ஃபான் பூட்டினால் இரண்டு பாகையாவது இறங்கும். வற்றுகிற தண்ணிக்கு உப்புத்தண்ணி விடாமல் வடிகட்டின ஆர்.ஓ. தண்ணி மட்டும் விடுங்கோ, கிணற்றுத் தண்ணி வேண்டாம்.

புதுக்குடியிருப்புப் பெடியன்:
சரி அண்ணை, கோபிதான். டாம்சலைப் பிடிக்கத்தான் வழியில்லை, வலையைக் கண்டாலே கல்லுக்குள் போய்விடுகிறது.

முல்லைக் கரை:
ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாக உள்ளே செருகுங்கோ. ஒரு நாள் தீன் போடாமல் விட்டு, அடுத்த நாள் போத்தலுக்குள் ஒரு துண்டு இறால் போட்டுத் தொட்டிக்குள் வையுங்கோ. கோமாளி முதலில் போனால் வெளியே விட்டுவிட்டுத் திரும்ப வையுங்கோ. பிடித்ததும் எனக்குச் சொல்லுங்கோ, என்னிடம் அதற்கென்று தனித் தொட்டி இருக்கு.