கதிர்ச்சிகிச்சைக்குப் பின் மீண்ட புரொஸ்டேட் புற்றுநோய்க்கு உறையவைக்கும் சிகிச்சை பொருந்துமா?

கேள்வி (உவர்மலை, திருகோணமலை):
என் அப்பாவுக்கு வயது 72. மகரகம புற்றுநோய் வைத்தியசாலையில் கதிர்ச்சிகிச்சை பெற்றபின் அவருடைய பி.எஸ்.ஏ. (புரொஸ்டேட் சுரப்பி சுரக்கும் ஒரு புரதத்தின் இரத்த அளவு) 0.4 வரை இறங்கியிருந்தது. இப்போது படிப்படியாக ஏறி 2.9இல் நிற்கிறது. சுரப்பியை உறையவைத்து அழிக்கும் கிரையோ சிகிச்சையைச் செய்விக்கலாம் என்று வெளிநாட்டு உறவினர்கள் வற்புறுத்துகிறார்கள். விவரம் அறிந்தவர்கள் விளக்குவீர்களா?

பதில் 1 (ஓய்வுபெற்ற தாதி):
மகள், கதிர்ச்சிகிச்சைக்குப் பின் எட்டிய மிகக் குறைந்த அளவிலிருந்து பி.எஸ்.ஏ. 2 கூடினால் நோய் மீண்டதாகக் கருதுவது வழமை. அப்பாவுக்கு அந்த எல்லை 2.4, அதைத் தாண்டிவிட்டார். ஆனால் நோய் எங்கே இருக்கிறது என்பதை அந்த இலக்கம் சொல்லாது. எம்.ஆர்.ஐ., சுரப்பியின் திசுப் பரிசோதனை, வசதியிருந்தால் பி.எஸ்.எம்.ஏ. பெற் ஸ்கான் (உடலில் புரொஸ்டேட் புற்றுநோய் எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் படம்) ஆகியவற்றால், அது சுரப்பிக்குள்ளேயே நிற்கிறது என்று உறுதியானால் மட்டுமே இச்சிகிச்சையைப் பற்றிப் பேசலாம். எலும்புக்குப் பரவியிருந்தால் சுரப்பியை உறையவைத்து நோயைத் தீர்க்க முடியாது.

செய்முறை இதுதான்: மயக்கமருந்து கொடுத்து, விதைப்பைக்கும் மலவாயிலுக்கும் இடைப்பட்ட தோல்வழியே மெல்லிய ஊசிகளைச் செலுத்தி, மலக்குடலில் வைத்த அல்ட்ராசவுண்ட் கருவியில் பார்த்தபடியே, ஆர்கன் வாயுவால் திசுவை ஏறத்தாழ −40 பாகை செல்சியஸுக்குக் குளிர்விப்பார்கள். உறையவைத்து உருகவிடுவதை வழமையாக இரண்டு தடவை செய்வார்கள். சிறுநீர் வழி உறைந்துவிடாதபடி, அதற்குள் இளஞ்சூடான திரவம் ஓடும் குழாய் வைக்கப்படும்.

பதில் 2 (திருகோணமலையில் பிறந்து ரொறன்ரோவில் வசிப்பவர்):
நான் இதைச் செய்துகொண்டவன். கதிர்பட்ட சுரப்பியை வெட்டி அகற்றுவது கடினமாக இருக்கும் என்பதால் எனக்கு இது பரிந்துரைக்கப்பட்டது. வெட்டுக்காயம் இல்லை, வீடு திரும்புவதும் விரைவு என்பது உண்மைதான். ஆனால் உறவினர்கள் அந்தப் பாதியை மட்டுமே சொல்வார்கள். எனக்குச் சிறுநீர்க் கசிவு சில மாதங்கள் நீடித்தது. ஆண்மைக் குறைபாடு மாறவேயில்லை, அது பெரும்பாலானோருக்கு ஏற்படுவதுதான். கதிர்பட்ட திசு எளிதில் ஆறாது என்பதால், அரிதாகச் சிறுநீர் வழிக்கும் மலக்குடலுக்கும் இடையே துளை விழுந்து, அதற்கென்று தனிச் சத்திரசிகிச்சை தேவைப்படலாம். இவற்றை அப்பாவிடமே நேரடியாகச் சொல்லி, அவருடைய விருப்பத்தைக் கேளுங்கள்.

பதில் 3:
பி.எஸ்.ஏ. அளவு எத்தனை மாதங்களில் இரட்டிக்கிறது என்பதும் முக்கியம். மெதுவாக ஏறினால், இவ்வயதில் கண்காணித்திருப்பதும் ஏற்கத்தக்க வழியே. பரவியிருந்தால் ஓமோன் சிகிச்சைதான் முதலில் பேசப்படும். பழைய முடிவுகள் அனைத்தையும் திகதிவாரியாக எழுதி, சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சை நிபுணரிடம் (யூரோலொஜிஸ்ட்) கொண்டுசெல்லுங்கள். வெளிநாட்டுப் பயணச்சீட்டைப் பற்றி அதன்பின் யோசிக்கலாம்.