33 நிமிடத்துக்கு ஒரு மணி: தொடர்களிலிருந்து எங்கள் ஆட்ட மேசைக்கு வந்தவை

பதிவு 1

ஏழு ஆண்டுகளாக ஞாயிறு மதியங்களில் விண்வெளி ரோல்பிளேயிங் ஆட்டம் நடத்தி வருகிறேன்; ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் அது. என்னோடு சேர்த்து ஆறு பேர், ஒரு சாப்பாட்டு மேசை, ஒரு பை நிறையப் பகடைகள். தொலைக்காட்சித் தொடர்களிலிருந்து நாம் எடுத்துக்கொண்டவை மேசையில் என்ன ஆயின என்பதைப் பேசலாம் என்றுதான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

என் முதல் முயற்சி வெறும் நகல். 'ஃபயர்ஃப்ளை' (2002) தொடரின் 14 பகுதிகளையும் பார்த்து மயங்கிப்போய், அதே பழைய சரக்குக் கப்பல், போரில் தோற்ற தரப்பைச் சேர்ந்த கேப்டன், பெட்டிக்குள் ஒளித்துக் கொண்டுவரப்படும் பெண் என்று அப்படியே மேசையில் வைத்தேன். தொடரைப் பார்த்திருந்த மூவர் அந்தப் பாத்திரங்களின் குரலிலேயே பேசத் தொடங்கினார்கள். பார்க்காத இருவர் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பெட்டிக்குள் யார் என்பது திறக்கும் முன்பே பாதிப் பேருக்குத் தெரிந்துவிட்டது. நான்காவது வாரத்தோடு நிறுத்திவிட்டேன்.

அந்தத் தொடரை நகர்த்துவது எது என்று பிறகுதான் யோசித்தேன். கையில் காசில்லை, எரிபொருள் தீரப்போகிறது, கிடைத்த வேலையை மறுக்க வழியில்லை. 1977-இல் வெளிவந்த 'டிராவலர்' ஆட்டத்தில் இது விதியாகவே இருக்கிறது. கப்பல் விலையில் ஐந்தில் ஒரு பங்கு முன்பணம். அதன் பிறகு மாதாமாதம் விலையில் 240-இல் ஒரு பங்கு வீதம் 480 மாதத் தவணை. நாற்பது ஆண்டுக் கடன். அடுத்த முறை பாத்திரங்களையெல்லாம் விட்டுவிட்டு அந்தத் தவணையை மட்டும் வைத்தேன். மாதக் கடைசியில் கணக்கு நோட்டைத் திறந்ததுமே, நான் ஒரு வார்த்தை சொல்லாமல், கடத்தல் வேலை எங்கே கிடைக்கும் என்று அவர்களே விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அதன் பிறகு எந்தத் தொடரைப் பார்த்தாலும், கதையைத் தள்ளிவிட்டு, அதில் இருப்பவர்களின் கழுத்தைப் பிடித்திருப்பது எது என்று தேடுவது வழக்கமாகிவிட்டது. 2004-இல் வந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரில் '33' என்று ஒரு பகுதி உண்டு. தப்பி ஓடும் மனிதர்களின் கப்பல்களைச் சைலான்கள் என்ற எந்திர எதிரிகள் 33 நிமிடத்துக்கு ஒருமுறை வந்து தாக்குகிறார்கள். ஐந்து நாட்களுக்கு மேலாக யாருக்கும் உறக்கமில்லை. எஞ்சியிருக்கும் மனிதர்களின் எண்ணிக்கை ஒரு வெள்ளைப் பலகையில் இருக்கிறது; அழித்து அழித்து எழுதப்படுகிறது.

சைலான்கள் எனக்கு வேண்டாம். அந்த மணியும் பலகையும் வேண்டும். சுரங்க நிலா ஒன்றிலிருந்து 412 தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஓடும் நான்கு சரக்குக் கப்பல்கள் என்று வைத்துக்கொண்டேன். சமையலறை டைமரை 33 நிமிடத்துக்குத் திருகி மேசை நடுவில் வைத்தேன். மணி அடித்தால், பேச்சு எங்கே இருந்தாலும் நிறுத்திவிட்டு, கப்பல்கள் விண்வெளியில் வேறிடத்துக்குத் தாவித் தப்பப் பகடை உருட்ட வேண்டும். ஒவ்வொரு மணிக்கும் களைப்புக்காக ஒரு புள்ளி கழியும். பக்கத்தில் ஒரு சிலேட்டு, அதில் 412.

மூன்றாவது மணி அடித்தபோது எஞ்சினியராக ஆடுபவர் தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்தார். எச்சில் கையைத் தூக்கிப் பிடித்தபடி இடது கையால் உருட்டினார். போதாத எண். ஒரு கப்பல் பின்தங்கிவிட்டது. நான் சிலேட்டைத் துடைத்து 331 என்று எழுதினேன். மேசையில் சத்தமே இல்லை. மருத்துவராக ஆடும் பெண் என் விரல்களிலிருந்து பல்பத்தை வாங்கிக்கொண்டு, "இனிமேல் நான் எழுதுகிறேன்" என்றார்.

ஐந்தாவது மணிக்குப் பிறகு அந்தக் கப்பல் திரும்பி வந்தது. எதிரி அதைப் பின்தொடர்ந்து வருகிறானா என்பது யாருக்கும் தெரியாது. தொடரில் அப்படித் திரும்பி வரும் கப்பலைச் சுட்டுவிடுகிறார்கள். அதைப் பார்த்திருந்த ஒரே ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், வாய் திறக்கவில்லை. மற்றவர்கள் இருபது நிமிடம் வாதாடி, கப்பலைக் கைவிட்டு ஆட்களை மட்டும் விண்வெளி உடையில் இந்தப் பக்கம் தாவவைப்பது என்று முடிவெடுத்தார்கள். டைமர் அடிப்பதற்குள் 46 பேரை இழுத்துச் சேர்க்க முடிந்தது. சிலேட்டில் 377. ஆட்டம் முடிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "சுடச் சொல்லிவிடுவார்களோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது." தொடரைப் பார்த்தவருக்குத்தான் அன்று பயம் அதிகம்.

மறுமொழி

அண்ணா, உங்கள் சிலேட்டைப் படித்ததும் எங்கள் குழுவின் ஒரு மாலை நினைவுக்கு வந்தது. 'ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' தொடரில் 1991-இல் வந்த 'டார்மாக்' பகுதியை இங்கே பலர் பார்த்திருப்பீர்கள். டமேரியர்கள் என்ற வேற்றுலகவாசிகளின் சொற்களைக் கருவி மொழிபெயர்த்துவிடுகிறது, பொருள்தான் கிடைப்பதில்லை. தங்கள் கதைகளைச் சுட்டியே அவர்கள் பேசுகிறார்கள். தோற்றுப்போனால் "ஷாக்கா, சுவர்கள் விழுந்தபோது". நமக்கு இது புதிதில்லை. சகுனி வேலை, கும்பகர்ணத் தூக்கம் என்று நாம் பேசுவதைக் கதை தெரியாதவர் எந்த அகராதியை வைத்துப் புரிந்துகொள்வார்?

முதலில் அப்படிப்பட்ட இருபது சொற்றொடர்களை நானே எழுதி ஒரு வேற்றுலகவாசியின் வாயில் வைத்தேன். எல்லோரும் நோட்டில் குறித்துக்கொண்டு பரீட்சை எழுதுவதுபோல் விடை தேடினார்கள். இரண்டு மணி நேரம் வீண்.

அடுத்த முறை திருப்பிப் போட்டேன். கதை கேட்டால் மட்டும் புரியும் ஓர் உயிர். அதனிடம் அவர்கள் தங்கள் கதையைச் சொல்ல வேண்டும். நாங்கள் மூன்று ஆண்டுகளாக ஆடிய கேம்பெயினே, அதாவது வாராவாரம் தொடர்ந்து வந்த கதையே, அகராதி ஆயிற்று. உப்பு ஜாடியை ஒரு பக்கமும் டம்ளரை மறுபக்கமும் வைத்து, நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்து, பழைய பாலத்துச் சண்டையை அதற்கு நடித்துக் காட்டினார்கள். மற்றவர்கள் தப்பிக்கட்டும் என்று வேம்பன் என்ற பாத்திரம் தான் நின்ற கயிற்றையே அறுத்துக்கொண்ட இடம் அது. பிறகு பேச்சுவார்த்தை முறிந்து, அந்த உயிர் ஆயுதத்தை எடுத்தது. உங்களைக் கைவிட மாட்டோம் என்று எப்படிச் சொல்வது? அன்று வேம்பனாக ஆடிய தோழி இப்போது வேறு பாத்திரத்தில் இருக்கிறாள். அவள்தான் மெல்லச் சொன்னாள்: "வேம்பன், கயிற்றை அறுத்தபோது." அதையே நான் திருப்பிச் சொல்லிவிட்டு, கையிலிருந்த பென்சிலை ஆயுதம் என்று மேசையில் வைத்தேன். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

சேர்ந்து ஆடிய பழைய கதை போதுமான அளவு இருந்தால் மட்டும் செய்யுங்கள். புதிய குழுவுக்கு இது ஒத்துவராது.

மறுமொழி

நான் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். 'டாக்டர் ஹூ' தொடரின் 'மிட்நைட்' (2008) பகுதியில், அடைபட்ட வண்டிக்குள் ஓர் உயிர் மற்றவர்கள் பேசுவதைத் திருப்பிச் சொல்லும். பிறகு கூடவே சொல்லும். கடைசியில் முந்திக்கொண்டு சொல்லும். அதை என் மேசையில் செய்தேன். ஆட்டக்காரர் ஒருவர் பேசப்பேச நான் திருப்பிச் சொன்னேன். ஐந்தாவது நிமிடம் அவர் கண்கள் கலங்கிவிட்டன. பள்ளியில் அவரை அப்படித்தான் கேலி செய்திருக்கிறார்கள். உடனே நிறுத்தி மன்னிப்புக் கேட்டேன். இப்போதெல்லாம் முன்கூட்டியே எல்லோரிடமும் கேட்டுவிடுகிறேன். வேண்டாம் என்றால் தொட்டுக் காட்ட ஓர் அட்டையையும் மேசையில் வைக்கிறேன்.

மறுமொழி

என்னுடையது சின்ன விஷயம். 'பாபிலோன் 5' தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி ஐந்தாண்டுக் கதையை முன்பே திட்டமிட்டவர். நடிகர் யாராவது விலகினால் கதை உடையாமலிருக்க ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு வெளியேறும் வழி வைத்திருந்தார். முதல் பருவத்தின் தளபதி சின்க்ளேர் போய் ஷெரிடன் வந்தது அப்படித்தான். ஆட்டக்காரர்களுக்கு வேலை மாறும், குழந்தை பிறக்கும், ஊர் மாறும். ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டையில் கௌரவமான வழியனுப்புதல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை இரண்டு அட்டைகள் பயன்பட்டிருக்கின்றன.

பதிவு 1 எழுதியவர்

கடைசி மறுமொழியைப் படித்ததும் 'தி எக்ஸ்பேன்ஸ்' நினைவுக்கு வந்தது. அது எதிர்த்திசையில் போன கதை. டை ஃபிராங்க் நடத்திய ரோல்பிளேயிங் ஆட்டத்தில் வளர்ந்த உலகம் 2011-இல் நாவலாகி, 2015-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அதில் ஷெட் என்ற மருத்துவ உதவியாளர் திடீரென்று செத்துப்போவதற்குக் காரணமே, அவராக ஆடியவர் ஆட்டத்தைவிட்டு விலகியதுதான்.

வேம்பன் முறையை வரும் ஞாயிறு முயலப்போகிறேன், தங்கையே. பழைய நோட்டுகளை எல்லாம் எடுத்து வைத்து, யாருக்கு எங்கே என்ன நேர்ந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். முதல் வரி: "மருத்துவர், பல்பத்தை வாங்கியபோது."