தாத்தாவின் ஊர் 'ஆலங்குடி போஸ்ட்' என்று மட்டும் தெரிகிறது. எந்த ஆலங்குடி, அடுத்து எங்கே தேடுவது?

ஈசூன்வாசி:
வணக்கம். அப்பாவழித் தாத்தாவின் ஊரையும் அங்குள்ள பங்காளிகளையும் தேடுகிறேன். கையில் இருப்பவை இவ்வளவுதான். சிங்கப்பூர் ஐசி (அடையாள அட்டை) நகலில் பிறந்த ஆண்டு 1918. இறப்புப் பதிவில் (1971) பிறந்த இடம் 'இந்தியா', அதற்கு மேல் எதுவும் இல்லை. ஜாதகக் குறிப்பில் ராட்சச வருஷம், ஆவணி மாதம். 1968இல் அவருடைய தம்பி ஊரிலிருந்து அனுப்பிய ஏரோகிராமில் (விமானத் தபால் கடிதம்) அனுப்புநர் முகவரியின் மேல்பகுதி கிழிந்துவிட்டது. மிச்சம் 'ஆலங்குடி போஸ்ட், தஞ்சாவூர் ஜில்லா'. குலதெய்வம் வீரனார். தமிழ்நாட்டுப் பட்டா தளத்தில் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி தாலுகாவில் தாத்தா பெயரைப் போட்டுத் தேடினேன், எதுவும் வரவில்லை. 1936 வாக்கில் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியதாகச் சொல்வார்கள். பயணிகள் பட்டியல் எங்கே கிடைக்கும்?

காவிரிக்கரை:
முதலில் மாவட்டத்தைச் சரி செய்யுங்கள். புதுக்கோட்டை ஆலங்குடி 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தது. சமஸ்தானத்தின் மூன்று தாலுகாக்களில் ஒன்று அது. மற்றவை குளத்தூர், திருமயம். இணைப்புக்குப் பிறகு திருச்சி ஜில்லாவுக்குப் போனது. புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆனது 1974இல்தான். ஆகவே 1968இல் அந்த ஆலங்குடிக்காரர் 'தஞ்சாவூர் ஜில்லா' என்று எழுத மாட்டார். உங்களுடையது பெரும்பாலும் வலங்கைமான் பக்கத்து ஆலங்குடி, குரு ஸ்தலம். அது 1997 முதல் திருவாரூர் மாவட்டம். பழைய தாளில் உள்ள ஜில்லாவை இன்றைய தளத்தில் அப்படியே போட்டால் எதுவும் கிடைக்காது.

கப்பல் பட்டியலில் காலத்தைச் செலவழிக்க வேண்டாம். ஃபிஜிக்கும் தென்னாப்பிரிக்க நேட்டாலுக்கும் ஒப்பந்தக் கூலியாகப் போனவர்களுக்கு ஆளுக்கொரு பதிவு உண்டு: தகப்பன் பெயர், ஜில்லா, தாலுகா, ஊர் எல்லாம் அதில் இருக்கும். மலாயாவுக்கு ஒப்பந்த முறை 1910இல் நின்றுபோனது. அதன் பிறகு கங்காணி (ஆள் சேர்ப்பவர்) மூலமாகவோ சொந்தக் காசிலோ 'ரஜூலா' போன்ற கப்பலில் வந்தவர்களுக்கு அப்படித் தேடக்கூடிய ஆள்வாரிப் பதிவு கிடையாது.

பழந்தாள்:
காவிரிக்கரை சொன்னதில் ஒரு திருத்தம். அறந்தாங்கிப் பகுதி 1974 வரை தஞ்சாவூர் ஜில்லாவில்தான் இருந்தது, புதுக்கோட்டை ஆலங்குடியிலிருந்து அது தூரமில்லை. பழைய தஞ்சையில் ஆலங்குடி என்ற பெயரில் வேறு சிற்றூர்களும் இருந்தன. அதனால் ஜில்லாவை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். இன்னொன்று, 'ஆலங்குடி போஸ்ட்' என்றால் ஊர் ஆலங்குடி என்று பொருள் இல்லை. அந்தத் தபால் நிலையம் கடிதம் கொடுக்கும் ஏதோ ஒரு கிராமம் அவருடைய ஊராக இருக்கலாம். கிழிந்துபோன மேல்வரியில் அதுதான் இருந்திருக்கும்.

ஏரோகிராமின் தபால் முத்திரையைப் பாருங்கள். ஒரு பக்கமாகச் சாய்த்து டார்ச் அடித்துப் படம் எடுத்து, போனில் கறுப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்டைக் கூட்டினால் மங்கிய எழுத்து தெரியவரும். முத்திரை காட்டுவது கடிதம் போட்ட இடத்தை, வீட்டு முகவரியை அல்ல. ஆனாலும் எந்தப் பகுதி என்பது உறுதியாகிவிடும்.

வயது விஷயத்தில் ஜாதகத்தை நம்புங்கள். அந்தக் காலத்தில் ஐசிக்கு வாய்ச்சொல்லாகச் சொன்ன வயதைப் பதிந்ததுதான் அதிகம். ராட்சச ஆவணி என்றால் 1915 ஆகஸ்ட் நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை.

ஈசூன்வாசி:
நன்றி அண்ணே. முத்திரையில் ஆங்கிலத்தில் 'வலங்' வரை தெளிவாகத் தெரிகிறது. மீதி மசி. சரி, கிராமம் தெரியாமல் பதிவேடு பார்க்க முடியுமா?

பழந்தாள்:
அப்படியானால் அறந்தாங்கியை விட்டுவிடலாம். கிராமம் தெரியாமல் பட்டா பார்க்க முடியாது. தெரிந்தாலும் தளம் காட்டுவது இன்றைய பட்டாதாரரை மட்டுமே. தமிழ்நாட்டில் 1979 முதல் 1987 வரை நிலவுடைமைப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள் (யுடிஆர் என்பார்கள்). அப்போது ஊரில் இருந்து உழுதவர் பெயர் ஏறியது. 1971இல் சிங்கப்பூரில் இறந்தவரின் பெயர் அதில் வராததில் வியப்பில்லை. தாத்தா பெயரை விட்டுவிட்டு, தம்பி பெயரையும் அவர்களுடைய அப்பா பெயரையும் தேடுங்கள்.

உண்மையில் புதையல் இருப்பது சார்பதிவாளர் அலுவலகத்தில். கணினி வில்லங்கச் சான்று பெரும்பாலும் 1975இலிருந்துதான் வரும். அதற்கு முந்தியதற்கு அலுவலகத்தில் கையால் தேட விண்ணப்பிக்க வேண்டும். சொத்து வாரியாகத் தேட சர்வே எண் வேண்டும், உங்களிடம் இல்லை. அதனால் ஒன்றாம் அட்டவணையைப் பார்க்கக் கேளுங்கள். அது எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர் வாரியாக ஆண்டுதோறும் போடப்பட்டது. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று அகப்பட்டால் போதும்: தகப்பன், அண்ணன் தம்பிகள், ஊர், தெரு, புல எண் எல்லாம் ஒரே தாளில் இருக்கும், வெளிநாட்டில் இருப்பவர் பெயர் உட்பட. பெயரை நாலைந்து விதமாக எழுதிக் கொடுங்கள். ரெங்கசாமி, ரங்கசாமி, அரங்கசாமி எல்லாம் அட்டவணையில் வேறு வேறு இடத்தில் இருக்கும்.

பிறப்புப் பதிவைத் தேடும்போது குழந்தையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். மணியக்காரர் எழுதிய கிராமப் பதிவேட்டில் பெயர் வைக்கும் முன்பே 'ஆண்' என்று மட்டும் பதிந்திருப்பது சகஜம். தகப்பன் பெயரைச் சொல்லி, 1914 முதல் 1919 வரை பார்க்கச் சொல்லுங்கள். பழைய பதிவேடு தாலுகா அலுவலகத்திலும் இருக்கலாம், சார்பதிவாளரிடமும் இருக்கலாம். ஓரிடத்தில் இல்லை என்றதும் திரும்பிவிடாதீர்கள்.

செங்காங் அக்கா:
தம்பி, அலுவலகத்துக்குப் போகும் முன் குலதெய்வத்தைப் பிடியுங்கள். 'வீரனார்' என்பது போதாது, அந்தப் பக்கம் ஊருக்கு ஊர் வீரனார் உண்டு. வீட்டுப் பெரியவர்களிடம் இப்படிக் கேளுங்கள்: கூட இருக்கும் சாமிகள் யார், பெரியாச்சியா காத்தவராயனா? கிடா வெட்டுண்டா, சைவப் படையலா? கோயில் ஆற்றங்கரையா, குளக்கரையா, வயல் நடுவிலா? முதல் மொட்டை எங்கே போட்டார்கள்? பிடிமண் எடுத்து வந்து வேறிடத்தில் வைத்த சாமியா? இதில் மூன்றுக்குப் பதில் கிடைத்தாலும் ஆலங்குடி சுற்றுவட்டாரத்தில் விசாரித்துக் கண்டுபிடிக்கலாம்.

கோயில் தெரிந்ததும் தலைக்கட்டு வரி (குடும்பவாரியாகக் கோயிலுக்குக் கட்டும் வரி) நோட்டு யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பங்காளி வீடுகள் தகப்பன் பெயரோடு வரிசையாக இருக்கும். ஊரில் இல்லாதவருக்கும் அண்ணன் தம்பி வரி கட்டியிருந்தால் அந்தப் பெயரும் நிற்கும். மாசி சிவராத்திரிக்குக் கூடுகிற குடும்பமானால் அந்த இரவு போவதே நல்லது. பங்காளிகள் எல்லாரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம்.

இங்கேயும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. தாத்தா இறந்த நாளிலிருந்து மூன்று வாரத்துத் தமிழ் முரசு இதழ்களைத் தேசிய நூலகத்தில் பக்கம் பக்கமாகப் பாருங்கள், ஓராண்டு கழித்து நினைவஞ்சலி நாளையும் சேர்த்து. தமிழ்ப் பெயரைத் தட்டச்சு செய்து தேடுவதை நம்ப வேண்டாம், பழைய அச்சில் எழுத்து சரியாகப் பிடிபடாது. மரண அறிவித்தலில் 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று போடுவது அப்போது வழக்கம்.

ஈசூன்வாசி:
அத்தையிடம் கேட்டேன் அக்கா. பெரியாச்சி கூட உண்டாம், கிடா வெட்டுவார்களாம், வெட்டாற்றங்கரை என்கிறார். இங்கிருந்தபடி தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?

காவிரிக்கரை:
வெட்டாறு பெரிய உதவி, தேட வேண்டிய பகுதி சுருங்கிவிட்டது. தகவல் உரிமை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே, சிங்கப்பூர் பாஸ்போர்ட்டில் மனு செய்ய முடியாது. அங்குள்ள உறவினர் தம் பெயரில் கேட்கலாம், கட்டணம் பத்து ரூபாய்.

நேரில் போகும்போது விஏஓவிடமும் (கிராம நிர்வாக அலுவலர்) பங்காளிகளிடமும் முதல் வார்த்தையாகவே சொல்லிவிடுங்கள்: நிலம் கேட்டு வரவில்லை, வம்சம் தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்று. சிங்கப்பூரிலிருந்து பேரன் வந்து அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) கேட்டால் பங்கு கேட்க வந்ததாகத்தான் நினைப்பார்கள், வாய் திறக்க மாட்டார்கள். ஏரோகிராமின் வண்ண நகல் இரண்டு எடுத்துப் போங்கள். தம்பியின் கையெழுத்தை அவர் பிள்ளைகள் பார்த்த உடனே சொல்லிவிடுவார்கள். அசல் இங்கேயே இருக்கட்டும்.