பத்துக்குப் பன்னிரண்டு அறையில் கட்டில் தேவையா?

நொய்யல்கரை:
திருப்பூரில் லைன் வீடுங்க. முன்னறை பத்தடிக்குப் பன்னிரண்டடி, பின்னால் ஒரு சமையலறை, அவ்வளவுதான். நானும் வீட்டுக்காரரும், நாலு வயதுப் பையன், அத்தை. டபுள் கட்டில், பீரோ, டிவி, தையல் மிஷின் எல்லாம் இந்த ஒரே அறையில்தான். பனியன் பீஸ் வாங்கி வந்து பிசிறு வெட்டுகிறேன். மூட்டையை இறக்கி வைத்தால் நடக்க வழி இருக்காது. சுவர் கரும்பச்சை. நம் செலவில் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம், ஆணி மட்டும் அடிக்கக் கூடாது என்கிறார் ஓனர். அட்டாலி (பரண்) முழுக்க அம்மா வீட்டுச் சீர்ப் பாத்திரம். சாயங்காலம் உட்கார்ந்தால் மூச்சு முட்டுகிறது. 5000 ரூபாய்க்குள் என்ன செய்யலாம்?

சென்னிமலைத் தறி:
தங்கச்சி, முதலில் அந்தக் கட்டிலை எடுங்கள். அறை 120 சதுர அடி. ஐந்துக்கு ஆறரை கட்டில் மட்டும் 32 அடிக்கு மேல் பிடிக்கிறது, கால் பங்குக்கும் அதிகம். படுக்கிற எட்டு மணி நேரத்துக்காக மீதிப் பதினாறு மணி நேரமும் அந்த இடத்தை அதற்கே எழுதிக் கொடுத்துவிடுகிறோம். நான் வளர்ந்த வீட்டில் தறிக்குழி போக மிஞ்சியது இதைவிடச் சின்ன இடம். ஆறு பேர் இருந்தோம். விடிந்ததும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்தினால் அதே தரையில் பாவு வேலை, மத்தியானம் சாப்பாடு, ராத்திரி படுக்கை. பவானி ஜமக்காளம் ஒன்று வாங்குங்கள். கோடு அறையின் நீளவாக்கில் ஓடும்படி விரித்தால் கண்ணும் அந்தக் கோட்டோடு கடைசி வரை போகும். உறவுக்காரர்கள் எட்டுப் பேர் வந்தாலும் உட்காரலாம்.

கோவை மரவேலை:
அண்ணன் சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கணபதி, சரவணம்பட்டிப் பக்கம் சின்ன வீடுகளுக்குத்தான் 14 வருடமாக வேலை செய்கிறேன். கட்டில் 32 அடி பிடிக்கிறது என்றால் அதன் அடியிலும் 32 அடி இருக்கிறதல்லவா? நாலு காலுக்கும் ஆறங்குல மரக்கட்டை வையுங்கள். பீஸ் மூட்டை, தலகாணி, பையனின் சாமான் எல்லாம் உள்ளே போய்விடும். முன்னால் ஒரு துணியைத் தொங்கவிட்டால் ஒன்றும் தெரியாது. கட்டிலை எடுத்துவிட்டால் அந்தச் சாமானையெல்லாம் எங்கே வைப்பது? சுவரோரம்தான் குவியும். பாயில் படுத்த காலத்தில் ஒரு வீட்டில் இத்தனை சாமான் கிடையாது.

சென்னிமலைத் தறி:
அந்தச் சாமான் அத்தனையும் வேண்டுமா என்றுதான் முதலில் கேட்கச் சொல்கிறேன். அடியில் தள்ளிவிட்டால் கண்ணுக்கு மறையும். ஆனால் தூசி தட்ட மாதம் ஒரு தடவை யார் உள்ளே குனிவது? அந்தத் தங்கச்சிதானே?

வாசல்கோலம்:
இரண்டு பேரும் வீட்டில் இருக்கிற பெரியவரை விட்டுவிட்டீர்கள். அத்தைக்கு எத்தனை வயது? எங்கள் அம்மாவுக்கு 61. முழங்கால் தேய்மானம். தரையிலிருந்து எழுந்திருக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையை ஊன்றி, மூச்சை அடக்கி எழுவார். பாய்தான் அழகு என்று அவர்களிடம் சொல்ல எனக்கு மனம் வராது. அறை பெரிதாகத் தெரிவதைவிட அந்த உடம்புக்கு ஒரு உயரம் கிடைப்பது முக்கியம்.

அப்புறம், மேற்குப் பக்கம் ஜன்னல் இருக்கிறதா? அதை எது மறைக்கிறது?

நொய்யல்கரை:
சரியாகக் கேட்டீர்கள் அக்கா. அத்தைக்கு 63, கால்வலி இருக்கிறது. மேற்கு ஜன்னல் இருக்கிறது. அதன் பாதியைப் பீரோ மறைக்கிறது. வந்த நாளில் ஆட்கள் வைத்துவிட்டுப் போன இடம், மூன்று வருடமாக அப்படியே நிற்கிறது.

வாசல்கோலம்:
பீரோவை இன்றைக்கே நகர்த்துங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று நம் ஊருக்குக் கிடைத்த சொத்து. அதற்குக் குறுக்கே இரும்பை நிறுத்தினால் வெள்ளைப் பெயிண்ட் அடித்தும் புழுங்கும். பீரோக் கதவில் கண்ணாடி இருந்தால் அது ஜன்னலைப் பார்க்கும்படி திருப்பி வையுங்கள். கண்ணாடி எதைப் பார்க்கிறதோ அதை இரட்டிப்பாக்கும். சாமானைப் பார்த்தால் சாமான், வானத்தைப் பார்த்தால் வானம். புதுக் கண்ணாடி, ஆணி எதுவும் வேண்டாம்.

கோவை மரவேலை:
இது எனக்கும் சரி. பெயிண்டும் முக்கியம். வெள்ளைச் சுவர் தன் மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்குக்கு மேல் திருப்பித் தரும். கரும்பச்சை பெரும்பகுதியை விழுங்கிவிடும். விட்டத்தை மட்டும் தூய வெள்ளை அடியுங்கள், சுவருக்குக் கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை. அட்டைப் பெட்டியில் 6500 கே என்று போட்ட பல்பு நீலம் பாய்ந்த வெள்ளை. பிசிறு வெட்ட அது நல்லது. ஆனால் சாயங்காலம் சாய்ந்து உட்கார 2700 கே பல்பு ஒன்று மூலையில் தாழ்வாக எரியட்டும். அது எரிகிற நேரத்தில் அறை ஓய்ந்து வீடு மாதிரி இருக்கும்.

சென்னிமலைத் தறி:
பெரியவர் முழங்காலை நான் யோசிக்கவில்லை, அது என் பிழை. ஆனாலும் டபுள் கட்டில் எதற்கு என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. அத்தைக்கு மூன்றடி அகலக் கட்டில் போதும். அது 20 அடிக்குள் முடியும், 13 அடி மிச்சம். மற்றவர்கள் பாயில் படுக்கலாம். பகலில் அதே கட்டில் மேல் சென்னிமலைப் பெட்ஷீட் விரித்து இரண்டு தலகாணியைச் சுவரோரம் சாய்த்தால் சோபாவும் ஆயிற்று.

கோவை மரவேலை:
நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வருகிறவரைத் தரையில் படுக்கச் சொல்வதில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை. அவர் முதுகையும் கேளுங்கள்.

பவானி ஆத்தோரம்:
சீர்ப் பாத்திரத்தை எடைக்குப் போட்டால் அட்டாலி காலியாகும். யாருமே சொல்லவில்லையே!

நொய்யல்கரை:
அது முடியாதுங்க. அந்தப் பித்தளை அண்டாவில் அம்மா பெயர் வெட்டியிருக்கிறது. பாட்டி அம்மாவுக்குக் கொடுத்து, அம்மா எனக்குக் கொடுத்தது. அறை இன்னும் சின்னதாக இருந்தாலும் அது எடைக்குப் போகாது.

வாசல்கோலம்:
போட வேண்டாம். அண்டாவுக்குள் தேக்சா, தேக்சாவுக்குள் போசி என்று ஒன்றுக்குள் ஒன்றாக இறக்குங்கள். இன்னொரு அண்டா இருந்தால் அதில் போர்வையும் பண்டிகைத் துணியும் போட்டு மூடுங்கள். இப்போது அட்டாலியில் பாதி காற்றைத்தான் அடுக்கி வைத்திருப்பீர்கள்.

நொய்யல்கரை:
ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டு அண்ணனும் பீரோவை நகர்த்தினார்கள். பின்னால் ஒரு கை தூசி, பையன் ரொம்ப நாளாகத் தேடிய சிவப்புக் கார். கண்ணாடியில் ஜன்னலும் எதிர்வீட்டு வேப்பமரமும் தெரிகின்றன. அத்தை அங்கேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அண்டா யோசனையும் பலித்தது, தையல் மிஷின் மூடியும் துணிக்கட்டும் மேலே ஏறிவிட்டன. பெயிண்ட் அடுத்த வாரம்.

கட்டில் விஷயம் இன்னும் முடியவில்லை. சின்னக் கட்டில் போதும் என்று அத்தையே சொல்கிறார்கள், வீட்டுக்காரர் யோசிக்கிறார். செவ்வாய்க்கிழமை ஈரோடு கனி மார்க்கெட் சந்தைக்குப் போகிறேன். ஜமக்காளம் எந்த அளவில் எடுப்பது, தறி அண்ணா? நாலுக்கு ஆறு போதுமா?

சென்னிமலைத் தறி:
பத்தாது தங்கச்சி. ஆறுக்கு ஒன்பது எடுங்கள். கட்டில் இருக்கிற வரை பாதியாக மடித்து விரிக்கலாம்.