மெஷினில் 7:40, படகில் ஊர்கிறேன். உடம்பா, உத்தியா?

படகுக்குப்புதுசு:
வணக்கம். ரோயிங் மெஷினில் 2000 மீட்டரை 7:40-க்கு முடிச்சிடுவேன். எடை 84 கிலோ. அந்த தைரியத்தில் சிங்கிள் ஸ்கல் படகில் (ஒருத்தரே ரெண்டு துடுப்பு போடுறது) ஏறினா அதே தூரத்துக்கு 11 நிமிஷத்துக்கு மேல் ஆகுது. மெஷினில் முடிக்கும்போது நாக்கு தள்ளுது, படகில் மூச்சே வாங்கல. ஆனா முன்கை இறுகி, இறங்கினதும் விரலை மடக்க முடியல. இடுப்பு வலியோ மெஷினில் மட்டும்தான். ரெண்டும் ஒரே உடற்பயிற்சின்னுதானே சொல்றாங்க?

வலவன்:
மூச்சு வாங்கலைன்னதிலேயே பாதி பதில் இருக்கு. 7:40-ன்னா 500 மீட்டருக்கு 1:55, அதாவது சுமார் 230 வாட். அந்தத் தெம்பு உங்ககிட்ட இருக்கு, படகில் அதை இறக்கத்தான் வழி இல்லை. மெஷினில் ஒரே பிடி, நேர்கோட்டில் போய் வரும். ஸ்கல்லில் ரெண்டு பிடி, நடுவில் ஒரு கை மேலே ஒரு கை கீழேன்னு கடக்கணும், ஒவ்வொரு இழுப்புக்கும் துடுப்பின் அலகை, அதாவது தட்டையான முனையை, படுக்க வச்சு நிமிர்த்தணும். படகு சாயுமோன்னு கெட்டியா பிடிக்கிறீங்க, முன்கை இறுகுது. விரல்களைக் கொக்கி மாதிரி வச்சாலே போதும். கட்டைவிரலைப் பிடியின் நுனியில் வச்சு வெளிப்பக்கமா லேசா அழுத்துங்க.

ஈரத்துடுப்பு:
இன்னொரு பெரிய வித்தியாசம், எது நகருதுங்கறது. மெஷின் தரையில் அசையாம நிக்கும், உங்க 84 கிலோதான் முன்னும் பின்னும் ஓடுது. சிங்கிள் படகு போட்டி விதிப்படி குறைந்தது 14 கிலோ, அவ்வளவுதான். அதனால் தண்ணீரில் நீங்க பெரும்பாலும் இருந்த இடத்தில் இருப்பீங்க, படகுதான் உங்களுக்கு அடியில் முன்னும் பின்னும் ஓடும். உருளுற சீட்டில் வேகமா முன்னால் பாய்ந்து வந்து, துடுப்பு தண்ணீரில் இறங்கும் முன்னாடியே கால்பலகையை மிதிச்சா படகின் வேகம் அங்கேயே செத்துடும். மெஷின் திரை இதைக் கண்டுக்காது, அதனால் அந்தப் பழக்கம் அப்படியே ஊறிப்போகும்.

இடுப்பு வலியும் இதோட சேர்ந்ததுதான்னு நினைக்கிறேன். மெஷினில் ஒவ்வொரு தடவையும் முழு உடம்பையும் நிறுத்தித் திருப்பணும். களைச்சதும் முதுகு வளையும். மெஷின் சக்கரத்தின் பக்கத்தில் இருக்கிற டேம்பர் லீவரை எதில் வச்சிருக்கீங்க? ஸ்ட்ரோக் ரேட், அதாவது நிமிஷத்துக்கு எத்தனை இழுப்பு?

படகுக்குப்புதுசு:
டேம்பர் 10. ரேட் மெஷினில் 30, படகில் 26.

ஈரத்துடுப்பு:
10 வேண்டாம். டேம்பர் சக்கரத்துக்குள் போற காத்தின் அளவைத்தான் மாத்தும். சக்கரம் எவ்வளவு வேகமா தளருதுன்னு திரை ஒவ்வொரு இழுப்புக்கும் அளந்து கணக்கு போடுறதால, 10-ல் வச்சா கூடுதல் மதிப்பெண் எதுவும் கிடையாது. கனமான, மந்தமான படகை இழுக்கிற உணர்வுதான் மிச்சம், முதுகுக்கும் சுமை. டிராக் ஃபேக்டர், அதாவது திரை காட்டுற காத்துத் தடையின் அளவு, 110-லிருந்து 130-க்குள் வர்ற மாதிரி வைங்க. நீண்ட நேரம் ஒரே மூச்சில் இழுக்காம நடுநடுவே எழுந்து நிமிருங்க.

வலவன்:
மெஷின் நேரத்தையும் படகு நேரத்தையும் நேரடியா ஒப்பிடவே வேண்டாம். 2018-ல் ஆஸ்திரேலிய வீரர் ஜோஷ் டங்க்லி-ஸ்மித் மெஷினில் 2000 மீட்டரை 5:35.8-க்கு முடிச்சார். 2017-ல் நியூசிலாந்து வீரர் ராபி மேன்சன் சிங்கிள் படகில் அதே தூரத்தை 6:30.74-க்கு முடிச்சார். உலகத்தின் உச்சியிலேயே இவ்வளவு இடைவெளி! எடை கூடினா மெஷினில் லாபம்தான். தண்ணீரில் படகு கூடுதலா அமிழ்ந்து உரசல் ஏறும்.

படகுக்குப்புதுசு:
அப்போ மெஷினை விட்டுடலாமா?

ஈரத்துடுப்பு:
ஏன் விடணும்? நுரையீரலுக்கும் காலுக்கும் அதைவிட வசதியானது ஏது. கால்பட்டையைக் கழற்றிட்டு ரேட் 18-ல் இழுங்க. முடிவில் பின்னால் சாய்ந்து விழப் பார்த்தா, உடம்பை அதிகமா வீசுறீங்கன்னு அர்த்தம். மெஷினுக்கு அடியில் வைக்கிற ஸ்லைடு கிடைச்சா இன்னும் நல்லது, படகு மாதிரியே மெஷினும் நகரும். படகில் ரேட் 18-20, சீட் முன்னால் வர்ற நேரம் இழுக்கிற நேரத்தைப் போல ரெண்டு மடங்கு இருக்கட்டும்.

படகுக்குப்புதுசு:
பட்டை இல்லாம படகிலும் செய்யலாமா?

வலவன்:
இப்போதைக்கு வேண்டாம். அலகு ரெண்டையும் தண்ணீர்மேல் படுக்க வச்சு, பிடியை அழுத்தாம கொஞ்ச நேரம் சும்மா உட்கார முடியுதான்னு முதலில் பாருங்க. அது வந்தப்புறம் பார்ப்போம்.