ஆல்ஜினேட் மணிக்குள் மருந்து தங்கவே மாட்டேன் என்கிறது

கேள்வி:
2% சோடியம் ஆல்ஜினேட்டில் (கடற்பாசியிலிருந்து எடுப்பது, கால்சியம் பட்டால் ஜெல்லாகும்) 1% மெட்ஃபார்மின் ஹைட்ரோகுளோரைடு (சர்க்கரை நோய் மருந்து) கலந்து, அதில் 10 மி.லி.யை 100 மி.லி. கால்சியம் குளோரைடு கரைசலில் (4%) சொட்டுச் சொட்டாக விடுகிறேன். ராத்திரி முழுக்க ஊறுகிறது. மணி கெட்டியாகத்தான் இருக்கிறது. மருந்தோ பத்தில் ஒரு பங்குகூட உள்ளே இல்லை. வால் வேறு முளைக்கிறது. pH 6.8 பாஸ்பேட் பஃபரில் (pH மாறாமல் காக்கும் கரைசல்) போட்டால் வெளுத்து, உப்பி, கரைந்தே போகிறது. எங்கே தப்பு?

பதில் 1:
ராத்திரி ஊறல்தான். மருந்து உள்ளும் வெளியும் சமமாகப் பரவிவிட்டால் மணிக்குள் மிஞ்சுவது 110-இல் 10, அதாவது 9%. உங்களுக்கு வந்ததும் அதுதானே? 30 மி.லி. கால்சியம் கரைசல், 10 நிமிடம் போதும்.

வாலுக்குக் காரணம் ஆல்ஜினேட் கரைசலின் கனம். 1.5% ஆக்குங்கள், அல்லது ஊசியை இன்னும் சற்று உயர்த்துங்கள். ரொம்ப உயர்த்தினால் மணி தட்டையாகும். ஊசிமுனை சாய்வாக இல்லாமல் மழுங்கலாக இருக்கட்டும்.

பதில் 2:
10 நிமிடமும் அதிகம். 2 மி.மீ. மணியிலிருந்து இவ்வளவு சிறிய மூலக்கூறு பாதிக்குமேல் ஓரிரு நிமிடத்திலேயே கிளம்பிவிடும். நேரத்தைக் குறைப்பதைவிட, கால்சியம் கரைசலிலும் 1% மெட்ஃபார்மின் போட்டு வையுங்கள். செறிவு சமமானால் வெளியேற உந்துதல் இல்லை. எடுத்ததும் ஒரே ஒரு அலசல், வடிதாளில் ஒற்றல், அவ்வளவுதான்.

ஆனால் அப்புறம் வெளிக்கரைசலில் மிஞ்சியதைக் கழித்துக் கணக்குப் போட முடியாது. மணியையே 3% சோடியம் சிட்ரேட்டில் கரைத்து 233 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் உறிஞ்சலை அளக்க வேண்டும். மருந்தில்லாத மணியை அதே சிட்ரேட்டில் கரைத்து பிளாங்க் (கழிக்க வேண்டிய ஒப்பீட்டு மாதிரி) வையுங்கள். பலர் வெறும் தண்ணீரை வைத்து ஏமாறுவது இங்கேதான்.

கேட்டவர்:
மணிமேல் கைட்டோசான் (இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) பூசினால் மருந்து நிற்குமா?

பதில் 2:
புரதத்துக்கு என்றால் பூசலாம். மெட்ஃபார்மினுக்குப் பெரிய பயனில்லை. பூச்சுக்கான ஊறலிலேயே இன்னும் கொஞ்சம் போய்விடும்.

பஃபர் விஷயம் வேறு: பாஸ்பேட் கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்கிறது, அந்த வெண்மை கால்சியம் பாஸ்பேட்தான். அதே மணியை பாஸ்பேட் இல்லாத pH 7.4 டிரிஸ் பஃபரில் போட்டுப் பாருங்கள். மணி உடையாமல் நின்றும் மருந்து அதே வேகத்தில் வந்தால், கசிவது ஜெல் வலையின் கண்ணிகள் வழியாக. அப்படியானால் வெறும் ஆல்ஜினேட்டை விட்டுவிட்டு, மருந்தை முதலில் கரையாத மெழுகிலோ பாலிமரிலோ துகளாக்கி, அந்தத் துகளை மணிக்குள் அடையுங்கள்.